106 டாலர் 40 சென்ட்: ஒரு கமாரோவின் பிரேக் கணக்கு

1969 மாடலில் செவர்லே நிறுவனம் 2,43,085 கமாரோ கார்களைச் செய்து வெளியே அனுப்பியது. வி-8 எஞ்சின் வைத்த கூபேயின் அடிப்படை விலை 2,727 டாலர். அந்த விலைக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான் வரும். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வேண்டுமென்றால் 64 டாலர் 25 சென்ட் கூடுதல். மிதிப்பதை லேசாக்கும் வேக்குவம் பூஸ்டருக்கு 42 டாலர் 15 சென்ட். இரண்டும் சேர்ந்து 106 டாலர் 40 சென்ட். அதே விலைப்பட்டியலில் கூரைமேல் ஒட்டும் வினைல் விரிப்புக்கு 84 டாலர் 30 சென்ட் போட்டிருந்தார்கள். காரை நிறுத்தும் டிஸ்க்கைவிட, வெயிலில் வெளுத்துப்போகும் விரிப்பு 20 டாலர் விலை அதிகம்.

நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் கேட்டவர்களுக்கு ஜே.எல்.8 என்று ஒரு தொகுப்பு இருந்தது. 500 டாலர் 30 சென்ட். அது பொருத்தி வந்தவை 206 கார்கள். அதாவது ஏறக்குறைய 1,180 காருக்கு ஒன்று. இதே நிறுவனம் 1965 கார்வெட்டில் நான்கு சக்கர டிஸ்க்கை விலைக்குள்ளேயே சேர்த்துக் கொடுத்தது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு கார்வெட் வாங்க வந்தவர் "எனக்கு டிரம்மே போதும்" என்றால் 64 டாலர் 50 சென்ட் தள்ளுபடி. 316 பேர் அந்தத் தள்ளுபடியை வாங்கிக்கொண்டு போனார்கள். நல்ல பிரேக்கின் மதிப்பு அன்றைய டெட்ராய்ட்டில் அவ்வளவுதான்: 64 டாலரும் சில்லறையும்.

அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு 1969-இல் சராசரி 36.7, 2024-இல் 313.7. ஒரு டாலர் 8.55 டாலராகிவிட்டது. அப்படிப் பார்த்தால் அன்றைக்கு மிச்சம் பிடித்த 106.40 டாலர் 2024-இன் காசில் 910 டாலர். ஜே.எல்.8 தொகுப்பு 4,277 டாலர். முதல் சொந்தக்காரர் மிச்சம் பிடித்ததை, 50 வருடம் கழித்து அந்தக் காரை வாங்கியவர் கட்டுகிறார். எவ்வளவு கட்டுகிறார், கட்டியதற்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கணக்கு.

கமாரோவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதன் அளவுகள் தெளிவாகக் கிடைக்கின்றன. ஆனால் நோய் அந்த வகைக் கார்கள் எல்லாவற்றுக்கும் பொது. மசில் கார் என்று அமெரிக்கர்கள் கொண்டாடும் வகையைத் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் 1964 பாண்டியாக் ஜி.டி.ஓ.வில் 389 கன அங்குல எஞ்சின், 325 குதிரைத்திறன். முதல் ஆண்டிலேயே 32,450 விற்றது. அதை நிறுத்த வைத்திருந்தது ஒன்பதரை அங்குல டிரம். முன்சக்கர டிஸ்க்கைக் காசு கொடுத்தாவது வாங்கலாம் என்ற நிலை வந்தது 1967-இல்தான்.

முதலில் சூட்டின் கணக்கு. பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றி இரும்பில் இறக்கிவைக்கும் கருவி. ஓட்டுநர், பெட்ரோல் எல்லாம் சேர்த்து கார் 3,500 பவுண்டு என்று வைப்போம், 1,588 கிலோ. மணிக்கு 60 மைல் வேகத்தில் (97 கி.மீ.) இதன் இயக்க ஆற்றல் 571 கிலோஜூல். 100 மைலில் 1,587 கிலோஜூல். வேகம் ஒன்றே முக்கால் மடங்குகூட ஏறவில்லை. சூடு இரண்டே முக்கால் மடங்கு ஏறிவிட்டது. இந்தச் சூட்டில் 70 சதவீதத்தை முன்சக்கரங்கள் வாங்கிக்கொள்கின்றன என்று கொண்டால், 60 மைலிலிருந்து ஒருமுறை நிறுத்த ஒரு முன்சக்கரத்துக்கு 200 கிலோஜூல். உராயும் இரும்பு 9 கிலோ இருந்தால் அது ஏறக்குறைய 48 டிகிரி சூடேறும். 100 மைலிலிருந்து நிறுத்தினால் 134 டிகிரி.

ஒருமுறை நிறுத்துவதற்கு 48 டிகிரி என்பது டிரம்முக்கும் பெரிய விஷயமில்லை. தொல்லை நான்காவது, ஐந்தாவது முறையில் வருகிறது. டிரம்மின் சூடு 200 டிகிரி ஏறினால், வார்ப்பிரும்பு விரியும் கணக்குப்படி ஒன்பதரை அங்குல விட்டம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுமேல், 0.53 மி.மீ. பெருக்கிறது. டிரம்மின் மேல் உராயும் ஷூ உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. டிரம் அதைவிட்டு விலகி ஓடுகிறது. பெடல் கீழே போகிறது. டிஸ்க்கும் சூட்டில் தடிக்கும். ஆனால் தன்னைக் கவ்வும் பேடை நோக்கித் தடிக்கும். டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி இந்த ஒரு திசை மாற்றத்தில் இருக்கிறது.

மீதிப் பாதி, டிரம்மின் கெட்டிக்காரத்தனம். டிரம் சுழலும்போது ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். அதனால் குறைந்த காலழுத்தத்திலேயே பெரிய பிடிப்பு கிடைக்கும். அதே கெட்டிக்காரத்தனம் ஷூவின் லைனிங் சூடாகி வழுக்கும்போது எதிராக வேலை செய்கிறது. உராய்வு பத்தில் மூன்று பங்கு குறைந்தால் டிஸ்க்கில் பிடிப்பும் பத்தில் மூன்றுதான் குறையும். டிரம்மில் அதைவிட மிக அதிகம் போய்விடும். தண்ணீர் புகுந்தாலும் இதே கதைதான். ஒரு பக்க டிரம் நனைந்து மறுபக்கம் காய்ந்திருந்தால் கார் சாலைக்குக் குறுக்கே திரும்பப் பார்க்கும்.

உராயும் பரப்பையும் பார்க்கலாம். 1969 கமாரோவின் முன் டிரம் ஒன்பதரை அங்குல விட்டம், இரண்டரை அங்குல அகலம். பின் டிரம் அதே விட்டம், 2 அங்குல அகலம். நான்கும் சேர்ந்து தேய்க்கும் பரப்பு 268.6 சதுர அங்குலம். முன்னால் மட்டும் 11 அங்குல டிஸ்க் போட்டால் ஒவ்வொரு டிஸ்க்கும் இரண்டு முகத்திலும் தேய்கிறது. முன்பக்கம் 149-இலிருந்து ஏறத்தாழ 213 சதுர அங்குலமாகிறது. அதுவும் காற்றுக்குத் திறந்து கிடக்கும் பரப்பு. டிரம்மின் உள்முகம் மூடிய பாத்திரம்.

கொலராடோவில் பைக்ஸ் பீக் மலைச்சாலையில் இறங்கி வருகிறவர்களை கிளென் கோவ் என்ற இடத்தில் நிறுத்தி, பிரேக் எவ்வளவு சூடு என்று கருவியால் பார்த்துத்தான் கீழே விடுகிறார்கள். உச்சியிலிருந்து அந்த இடம் வரை இறக்கம் ஏறத்தாழ 800 மீட்டர். நம் 1,588 கிலோ கார் அந்த உயரத்தில் வைத்திருக்கும் ஆற்றல் 12,460 கிலோஜூல். 60 மைல் வேகத்திலிருந்து 22 முறை நிறுத்துவதற்குச் சமம். தாழ்ந்த கியரில் எஞ்சின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும் என்றாலும், எஞ்சிய பங்கே டிரம் காருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பிரேக் ஆயிலும் இங்கே சேர்கிறது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு 230-உம் 155-உம். ஆயில் கொதித்துக் குமிழி வந்துவிட்டால் டிரம் என்ன, டிஸ்க் என்ன, பெடல் தரையைத் தொடும்.

டிரம்மை டிஸ்க்காக மாற்றும் கிட் விற்பவர்கள் சொல்ல விரும்பாத ஒரு கணக்கு இருக்கிறது. ஆறிய பிரேக்கோடு, காய்ந்த சாலையில், ஒரேயொரு முறை நிறுத்துகிற தூரத்தை டிஸ்க் பெரிதாகக் குறைக்காது. சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு டிரம்மாலும் பிடிக்க முடியும். அதற்குமேல் காரை நிறுத்துவது டயர். அந்தக்கால குறுக்கிழை டயரின் பிடிப்பு 0.65 என்று வைத்தால், 60 மைலிலிருந்து நிற்க 56.4 மீட்டர் ஆகும். இன்றைய சாதாரண ரேடியல் டயரில் 0.80 கிடைத்தால் 45.8 மீட்டர். இரண்டு கார்களும் ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கின்றன என்று எண்ணுங்கள். ரேடியல் கார் நின்றுவிட்ட இடத்தைப் பழைய டயர் கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 42 கிலோமீட்டர். டிரம்மோ டிஸ்க்கோ, இந்த 10.6 மீட்டரைக் கொடுப்பது டயர் மட்டும்தான்.

ஆகவே டிஸ்க் மாற்றத்தின் வரவு வேறு இடத்தில் எழுதப்பட வேண்டும்: அடுத்தடுத்துப் பிடிக்கும் பிரேக்கில், மழையில், இறக்கத்தில், கார் ஒருபக்கம் இழுக்காமல் நேராக நிற்பதில். எல்லாம் உண்மையான வரவு.

அடுத்தது காலழுத்தத்தின் கணக்கு. பட்டறைகளில் தவறு நடப்பதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். எனவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. கமாரோவின் இரு அச்சுகளுக்கு இடையே 108 அங்குலம். எடை மையம் தரையிலிருந்து 21 அங்குல உயரம், நிற்கும்போது எடையில் 55 சதவீதம் முன்பக்கம் என்று கொள்வோம். 0.80 பிடிப்பில் நிறுத்தும்போது முன்சக்கரங்கள் 2,469 பவுண்டு தாங்கும்; பின்சக்கரங்களுக்கு மிஞ்சுவது 1,031. நிறுத்தும் வேலையில் 70.5 சதவீதம் முன்னால்.

செவர்லே 1969-இல் கொண்டுவந்த ஒற்றை பிஸ்டன் காலிபரின் பிஸ்டன் விட்டம் 2 முழு 15/16 அங்குலம், பரப்பு 6.78 சதுர அங்குலம். பேடின் உராய்வு 0.38, டயரின் ஆரம் 13 அங்குலம் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், முன்சக்கரங்கள் தம் பங்கைச் செய்து முடிக்க ஆயில் அழுத்தம் 545 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) தேவை. டிஸ்க்குக்குத் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் வித்தை தெரியாது. இந்த 545-ஐயும் ஓட்டுநரின் காலோ பூஸ்டரோதான் கொடுக்க வேண்டும்.

பூஸ்டர் இல்லாத காரில் பெடலின் நெம்புகோல் விகிதம் சுமார் 6-க்கு 1. மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் துளை 1 அங்குலமென்றால் பரப்பு 0.785 சதுர அங்குலம், 545 பி.எஸ்.ஐ. எடுக்கக் காலால் 71 பவுண்டு, அதாவது 32 கிலோ அழுத்த வேண்டும். அதே காருக்கு "பெரிசு போட்டால் நல்லது" என்று ஒன்றே அரைக்கால், அதாவது ஒன்றுக்கு மேல் எட்டில் ஒரு பங்கு அங்குலத் துளை கொண்டதை வாங்கி மாட்டினால் பரப்பு 0.994, காலழுத்தம் 90 பவுண்டாக, 41 கிலோவாக ஏறுகிறது. பெரிய மாஸ்டர் சிலிண்டர் பிரேக்கைக் கூட்டும் என்ற நம்பிக்கை தலைகீழ். அது பெடலின் ஓட்டத்தைக் குறைக்கும், அழுத்தத்தையும் குறைக்கும். சிறியதற்கு 27 சதவீதம் கூடுதல் ஓட்டம் வேண்டும். அவ்வளவுதான் அதன் குறை.

கமாரோவின் பெடல் தண்டில் இரண்டு துளைகள் உண்டு. மேல் துளை பூஸ்டர் இல்லாததற்கு, கீழ் துளை பூஸ்டருக்கு. பூஸ்டர் வைத்த காரில் விகிதம் 4-க்கு 1 அளவுக்கு இறங்கும். பூஸ்டரைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கீழ்த்துளையிலேயே விட்டவருக்கு, 1 அங்குல மாஸ்டர் சிலிண்டரிலும் 107 பவுண்டு, 48 கிலோ மிதி தேவைப்படும். 1968 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கூட்டாட்சியின் 105-ஆம் எண் பிரேக் தரவிதி காலழுத்தத்துக்கு வைத்திருந்த உச்ச வரம்பு 150 பவுண்டு. அதற்குள் அடங்குகிறது என்று ஆறுதல் கொள்ளலாம். வீட்டில் எல்லோராலும் ஓட்ட முடியுமா என்று கேட்டால் முடியாது.

இனி பூஸ்டர். 9 அங்குல விட்டமுள்ள ஒற்றைச் சவ்வு பூஸ்டரின் பரப்பு 63.6 சதுர அங்குலம். எஞ்சின் 18 அங்குலப் பாதரச அளவுக்கு வேக்குவம் கொடுத்தால் அது உச்சமாகத் தள்ளுவது 562 பவுண்டு. கால் 80 பவுண்டு மிதித்தால், பெரிய மாஸ்டர் சிலிண்டரிலும் 887 பி.எஸ்.ஐ. வந்துவிடும். தேவை 545-தான், தாராளம். ஆனால் மசில் கார்க்காரர் சும்மா இருப்பாரா? எஞ்சினில் பெரிய கேம்ஷாஃப்ட் போட்டிருப்பார். ஐட்லிங்கில் தடதடவென்று குதிக்கும் அந்தச் சத்தத்துக்கு விலை வேக்குவம். அது 10 அங்குலத்துக்கு இறங்கினால் பூஸ்டரின் தள்ளல் 312 பவுண்டு, ஆயில் அழுத்தம் 636 பி.எஸ்.ஐ. பூஸ்டரே இல்லாமல், பெடல் தண்டில் சரியான துளையும் சரியான மாஸ்டர் சிலிண்டரும் வைத்து அதே 80 பவுண்டு மிதித்தால் கிடைப்பது 611. இந்த 25 பி.எஸ்.ஐ. வித்தியாசத்துக்காகவா 200 டாலர் கொடுத்து ஒரு பெரிய தகர டப்பாவை எஞ்சின் பக்கத்தில் தொங்கவிடுவது? வேக்குவம் குறைந்த எஞ்சினுக்கு என் பரிந்துரை பூஸ்டர் இல்லாத டிஸ்க். கால் ஒத்துழைக்காதவர்களுக்கு பவர் ஸ்டீயரிங் பம்பின் ஆயில் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோபூஸ்ட் இருக்கிறது. வேலை நன்றாகச் செய்யும், செலவு பூஸ்டரைப்போலப் பல மடங்கு.

இப்போது டாலர் கணக்கு. கீழே இருப்பவை அமெரிக்கப் பாகக் கடைகளின் நடுத்தர விலையை ஒட்டி நான் வைத்துக்கொண்டவை. கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் இருபது முப்பது சதவீதம் ஏறும், இறங்கும்.

முன்சக்கர கிட்: 11 அங்குல டிஸ்க், காலிபர், பேட், பிராக்கெட், பேரிங், ஹோஸ் — 600
பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர், காம்பினேஷன் வால்வு — 300
வளைத்து வந்த பிரேக் குழாய்கள் — 120
பிரேக் ஆயில் — 30
கிரீஸ், ஊசி, சில்லறை — 15
வீல் அலைன்மென்ட் — 120
பாகங்களின் கூட்டுத்தொகை — 1,185 டாலர்

நான்கு 15 அங்குலச் சக்கரங்கள் — 600
நான்கு ரேடியல் டயர்கள் — 600
இதுவரை — 2,385 டாலர்

பட்டறைக் கூலி, 10 மணி நேரம், மணிக்கு 125 — 1,250
மொத்தம் — 3,635 டாலர்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது முதல் வரி மட்டும். அந்த 600 டாலர் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. கையால் செய்துகொள்பவருக்குக்கூடக் கால் பங்குதான். "600 டாலரில் டிஸ்க்" என்று தொடங்கியவர்களின் கார்கள் மாதக்கணக்கில் ஸ்டாண்டில் நிற்பதற்கு மற்ற வரிகள்தான் காரணம்.

சக்கரத்தின் வரி பலருக்கும் அதிர்ச்சி. டிரம்முக்கென்று வந்த 14 அங்குலச் சக்கரங்கள் பலவும் காலிபரில் உரசும். டிஸ்க்குக்கென்றே செய்த 14 அங்குலச் சக்கரம் கிடைத்தால் பிழைத்தோம், இல்லையென்றால் 15. டிஸ்க்கை 12 அங்குலமாக்கினால் சில 15 அங்குலச் சக்கரங்களும் போதாது, 17-க்குப் போகச் சொல்வார்கள். ஒவ்வொரு அங்குலமும் டயரின் விலையிலும் தெரியும். சில கிட்கள் சக்கரத்தை வெளிப்பக்கம் தள்ளும். மட்கார்டு விளிம்பில் டயர் உரசத் தொடங்கும். பணம் கட்டுமுன் "ஒரு பக்கம் எவ்வளவு தள்ளும்?" என்று கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

வால்வின் வரி சின்னது, ஆனால் விட்டால் ஆபத்து. டிரம் காரின் பித்தளைப் பெட்டி ஆயில் கசிந்தால் எச்சரிக்கை விளக்கை எரியவைக்கும்; வேறு வேலை அதற்குத் தெரியாது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்றால் மூன்று வேலை வேண்டும்: விளக்கு ஒன்று; பின் ஷூக்களின் ஸ்பிரிங் இழுப்பைத் தாண்டும்வரை முன்பக்கத்தைச் சற்றுப் பிடித்துவைப்பது ஒன்று; பலமாக மிதிக்கும்போது பின்பக்க அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது ஒன்று. பழைய பெட்டியையே வைத்துவிட்டால் ஈரச்சாலையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், காரின் வால் முன்னுக்கு வரும். பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரையும் விட்டுவைக்கக் கூடாது. அதற்குள் குழாயில் 10 பி.எஸ்.ஐ. எப்போதும் தங்கும்படி ஒரு வால்வு இருக்கும். டிரம்முக்கு நல்லது, டிஸ்க்கில் பேடை ஒட்டியே வைத்துத் தேய்க்கும். வேண்டாத செலவும் ஒன்று உண்டு. டிஸ்க்குக்கான 2 பி.எஸ்.ஐ. வால்வு, மாஸ்டர் சிலிண்டர் காலிபரைவிடத் தாழ்வாக, தரைத்தகட்டுக்கு அடியில் இருக்கும் கார்களுக்கானது. கமாரோவில் அது எஞ்சின் சுவரில் உயரத்தில் இருக்கிறது. கடைக்காரர் எடுத்துவைத்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கூலி 10 மணி நேரம் என்று போட்டது துருப்பிடிக்காத காருக்கு. வடக்கே உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய கார் என்றால் பழைய குழாயின் நட்டைக் கழற்றுவதற்குள் குழாயே முறுக்கிக்கொண்டு வரும். வால்வு வரை இரு புறமும் மாற்ற வேண்டியிருக்கும். பேரிங்கை இறுக்கிப் பின் தளர்த்தி, ஆட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் 1 முதல் 5 பங்குக்குள் வைக்க வேண்டும். டிஸ்க்கின் நெளிவும் ஆயிரத்தில் ஐந்துக்குள் இருக்க வேண்டும். டயல் கேஜ் இல்லாமல் இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியாது. இந்த 11 அங்குல டிஸ்க் 0.965 அங்குலத்துக்குத் தேய்ந்தால் தூக்கிப் போட வேண்டியது. டிரம்முக்கு அந்த எல்லை 9.590 அங்குல விட்டம். பழைய பாகங்களை வாங்குபவர்கள் விலை பேசுமுன் அளக்க வேண்டிய எண்கள் இவை.

கழற்றும் வேலையில் பணமாக வராத ஒரு செலவும் உண்டு. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும் என்றே எண்ணி வேலை செய்ய வேண்டும். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி அனுமதிப்பது 8 மணி நேரச் சராசரியில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 0.1 இழை. டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றை அடித்து ஊதுவது எல்லா ஊர் மெக்கானிக்குகளுக்கும் கைவந்த பழக்கம். அதற்குப் பதில் ஈரத்துணியும் பிரேக் கிளீனரும் போதும். விலை 10 டாலருக்குள்.

இனி பின்சக்கரம். கிட் 650, ஹேண்ட் பிரேக் கேபிள் 80, கூலி 6 மணி நேரத்துக்கு 750. ஆக 1,480 டாலர். வேலையில் பின்சக்கரங்களின் பங்கு 29.5 சதவீதம். அந்தப் பங்கை ஒன்பதரை அங்குல டிரம் சிரமமில்லாமல் செய்கிறது. சூடும் அதற்கேற்பக் குறைவு. அதோடு டிரம்மில் ஹேண்ட் பிரேக் செலவில்லாமல் கூடவே வருகிறது. பின் டிஸ்க்கில் அது காலிபருக்குள்ளேயே ஒரு திருகாணியாகவோ, தனிக் குட்டி டிரம்மாகவோ வர வேண்டும். கேடிலாக் எல்டோராடோவின் பின் காலிபரை அடிப்படையாகக் கொண்ட பழைய வகைக் கிட்களில் ஹேண்ட் பிரேக் தளர்ந்துபோவது அந்த வட்டாரத்தில் நெடுநாள் புலம்பல். ஓட்டப்பந்தயத் தடத்தில் சுற்றுபவருக்கு நான்கு டிஸ்க்கும் நியாயம். 1969-இல் ஜே.எல்.8 வந்ததும் டிரான்ஸ்-ஆம் பந்தயங்களை மனத்தில் வைத்துத்தான். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்கும் கண்காட்சிக்கும் போய்வரும் காருக்குப் பின் டிஸ்க் என்பது சக்கரத்தின் இடைவெளி வழியாக எட்டிப் பார்க்கிறவர்களுக்குக் காட்டும் அழகு. அழகுக்குச் செலவழிக்கலாம், அதை அழகுச் செலவில் எழுத வேண்டும்.

கார் 1966 அல்லது அதற்கு முந்தியது என்றால் வரிசையே மாறுகிறது. அந்தக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர். ஒரு குழாய் ஓட்டையானால் நான்கு சக்கரப் பிரேக்கும் போகும். அமெரிக்கக் கார்களில் இரட்டை அறை பொதுவானது 1967 மாடலிலிருந்துதான். 1964 ஜி.டி.ஓ. வைத்திருப்பவர் கையில் 300 டாலர்தான் இருக்கிறதென்றால், டிஸ்க்கை மறந்துவிட்டு இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் அதற்கான குழாயும் வாங்க வேண்டும். டிரம்மில் ஒருமுறை பிரேக் மங்கினால் பயம்தான். ஒற்றை அறையில் குழாய் வெடித்தால் பிரேக்கே இல்லை.

டிஸ்க்கே வேண்டாம் என்று சொல்வதற்கும் இடமிருக்கிறது. வருடத்துக்குச் சில நூறு மைல் ஓடும், தொழிற்சாலையிலிருந்து வந்த எண்கள் மாறாத காரில் புதிய ஷூ, வீல் சிலிண்டர், ஹோஸ், ஆயில் எல்லாம் போட்டு டிரம்மைச் சரியாக உட்காரவைக்க 300, 400 டாலர் ஆகும். அதோடு 600 டாலருக்கு ரேடியல் டயர். ஆயிரம் டாலருக்குள், ஒருமுறை நிறுத்துகிற தூரத்தில் டிஸ்க் காருக்கு நிகராக வந்துவிடலாம். காரின் மூலப்பாகங்களும் கெடாது. மலை இறங்குபவர், மழையில் ஓட்டுபவர், எஞ்சினை 400 குதிரைக்கு ஏற்றியவர் ஆகியோருக்கு மட்டும் 3,635 டாலர் செலவு நியாயமானது. அவர்களும் பின்சக்கரத்துக்கென்று ஒதுக்கிய 1,480 டாலரை அப்படியே வைத்துக்கொண்டு, முதல் ஆயிரம் மைலுக்குப் பிறகு பின் டிரம்மைத் தொட்டுப் பார்த்து, தேவையா என்று முடிவு செய்யட்டும்.